முப்பத்தொன்பது நாள் திறந்திருந்த செஷன்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லா வார்டிலும் அவள் 'மூடித்திற அக்கா'தான். எந்தக் கணினியில் என்ன கோளாறு என்று மூன்றாவது மாடிக்கு ஃபோன் வந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒன்றுதான்: "ஒருதடவை மூடித் திறந்து பாருங்க." பெரும்பாலும் சரியாகிவிடும். பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி, "எனக்குத் தலைவலி அக்கா, கண்ணை மூடித் திறந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நோயாளிகளின் பதிவு, படுக்கை, மருந்து, அடுத்த வருகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எழுதியது மூன்று பேர். இரண்டு பேர் நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விட்டார்கள். இவள் மட்டும் தங்கிவிட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் இருவரும் என்றோ பேசி முடித்திருந்தார்கள். மாலை ஆறரைக்கு வீடு, ஒன்பதுக்குச் சாப்பாடு, பிறகு யார் முதலில் தூங்குவது என்ற போட்டி. பெரிய குறை ஒன்றும் சொல்ல முடியாத வாழ்க்கை.

ஒரு வியாழக்கிழமை காலை டயாலிசிஸ் பிரிவில் பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் போனபோது வாசலில் இருந்த இரும்பு நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் துணிப்பை. பையின் வாய் வழியே ஒரு கம்பளியும் காலுறையும் தெரிந்தன. டயாலிசிஸ் நடக்கும்போது உடம்பு குளிரும். வாடிக்கையாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கொண்டுவருவார்கள். பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோதும் அந்த அம்மா அப்படியே இருந்தார்.

"யாருக்காகம்மா காத்திருக்கீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு. எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"உள்ள போயிட்டாரா?"

அந்த அம்மா பையின் காதைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அவர் போய் இருபத்துமூணு நாள் ஆச்சும்மா" என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு பழைய ஃபோனை எடுத்து நீட்டினார். இறந்தவரின் ஃபோன். இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். திரையில் ஒரே மாதிரி மூன்று செய்திகள், மூன்று திங்கட்கிழமைகளில் வந்தவை. பெயர், பதிவு எண், அதன் கீழே: 'உங்கள் அடுத்த டயாலிசிஸ் வியாழன் காலை 8.00. தவறாமல் வரவும்.' அந்த வாக்கியத்தை எழுதியது அவள்தான். பதினோரு வருடத்துக்கு முன், 'தவறாமல்' என்று போடலாமா 'தயவுசெய்து' என்று போடலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தது ஞாபகம் வந்தது.

"முதல் தடவை வந்தப்போ ஃபோன் பண்ணிக் கண்டபடி திட்டினேன். ரெண்டாவது தடவை என் மகன் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனான். இந்தத் தடவை யாருகிட்டேயும் சொல்லல. தவறாமல் வரவும்னு போட்டிருக்கே... வீட்டுல உட்கார முடியல. நான் வராம விட்டு, அவர் பாட்டுக்கு இங்க தனியா உட்கார்ந்திருந்தா? பைத்தியம்னு நினைச்சுக்காதீங்க. அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் பையை எடுத்து வச்சேன். கிளம்பி வந்துட்டேன்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் பார்க்கிறேம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டினார். ஆனால் ஒன்பதே முக்கால் வரை எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து நேரே தரைத்தளத்திலிருந்த பதிவறைக்குப் போனாள். அங்கே இருந்தவரை எல்லோரும் 'ரிஜிஸ்டர் அண்ணன்' என்பார்கள். கணினி வருவதற்கு முன் தடித்தடியான பதிவேடுகளில் கையால் எழுதியவர். ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி. யாராவது இறந்தால் அதைக் கணினியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. பதிவு எண்ணைச் சொன்னதுமே அவர் முகம் வெளுத்தது.

"மறுபடியுமா?"

தட்டிப் பார்த்தார். நிலை: நடப்பு. அடுத்த வருகை: இன்று, காலை 8.00.

"மூணு தடவை போட்டேன்ம்மா, இறந்தவர்னு. மூணு தடவையும் எந்திரிச்சு வந்துட்டாரு அந்த மனுஷன்." மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று துண்டுச் சீட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து. "இது எதுக்குன்னா, நான் நிஜமாவே செஞ்சேனான்னு எனக்கே தெரியணும்ல. எங்க பெரியண்ணனுக்கு இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சது. முதல்ல சாவியை மறந்தாரு. அப்புறம் எங்களை மறந்தாரு."

அவர் நான்காவது முறையாக 'இறந்தவர்' என்று மாற்றினார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "மூடித் திறந்து பாருங்க அண்ணே" என்றாள் பழக்கத்தில். மூடித் திறந்தார். 'இறந்தவர்' என்றே இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கண்காணிப்பாளர் அறையில் கூட்டம். இறந்தவரின் மகன் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். மேசையில் அவள் எடுத்துக் கொடுத்த மாற்றப் பதிவு இருந்தது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று மென்பொருள் தானே குறித்துவைக்கும் பட்டியல் அது; 'லாக்' என்பார்கள். மூன்று திங்கட்கிழமைகளிலும் காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் 'இறந்தவர்' என்பது 'நடப்பு' என்று மாறியிருந்தது. மாற்றியவர் இடத்தில் மூன்று முறையும் ரிஜிஸ்டர் அண்ணனின் பெயர்.

"நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"ஏழு மணிக்கு சார்."

"உங்க பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல சார். யாருக்கும் குடுத்ததில்ல."

கண்காணிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல தப்பு இருக்க வாய்ப்பு உண்டா?"

அந்த நொடியில் அவளுக்குள் ஒன்று நெளிந்தது. அது பழைய சந்தேகம். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "லாக்ல தப்பு வராது சார்."

ரிஜிஸ்டர் அண்ணன் அவளைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் நோயாளி மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவள் கை தட்டிலேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, தட்டுல கோலமா?" என்றார் கணவர்.

நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "தெரியாது, பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"தெரியாதுன்னா அதுவும் பொய்தாங்க. எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனாலதான் அப்படி வாயில வந்துடுச்சு."

அவர் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்போ போய்ப் பாரு. திங்கட்கிழமை ஆறு மணிக்கே நானே கொண்டுவந்து விடுறேன்" என்றார்.

சனிக்கிழமை ரிஜிஸ்டர் அண்ணன் உடல்நிலை சரியில்லை என்று விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டார். யாரும் கேட்காமலே கொடுத்தார். ஒரு பையும் குடையுமாக அவர் வாசலைத் தாண்டிப் போவதை அவள் மாடிப்படியிலிருந்து பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. சாயங்காலம் விதிப்படி அவருடைய லாகினை அவளே முடக்கினாள்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு மூன்றாவது மாடியில் அவள் மட்டும். விளக்கைக்கூடப் போடவில்லை, ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. தரவுத்தளத்தில் அந்த ஒரு வரியை மட்டும் திறந்து, பத்து நொடிக்கு ஒருமுறை அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாள். நிலை: இறந்தவர். இறந்தவர். இறந்தவர். கீழே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. ஏழு ஆனது. இறந்தவர். ஏழு பத்து. இறந்தவர்.

ஏழு பன்னிரண்டுக்கு வரி மாறியது. நிலை: நடப்பு. அடுத்த வருகை: வியாழன், காலை 8.00. மாற்றியவர் ரிஜிஸ்டர் அண்ணன்.

வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர், முடக்கப்பட்ட ஒரு லாகினில், செத்துப்போன ஒருவரை எழுப்பி உட்காரவைத்திருக்கிறார். ஒரு நிமிடம் அவளுக்கு நாற்காலியை விட்டு எழவே பயமாக இருந்தது. பிறகு எழுந்து படிகளில் ஓடினாள்.

பதிவறை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். கணினி அணைந்து கிடந்தது. டயாலிசிஸ் பிரிவுக்கு ஓடினாள். அங்கே மேசையில் புது நர்ஸ், கையில் டீயோடு, அந்த வாரப் பட்டியலை அப்போதுதான் திறந்து வைத்திருந்தாள். திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ரிஜிஸ்டர் அண்ணனின் பெயர்.

"இது யாரு திறந்தது?"

"அண்ணன்தான்க்கா. நான் சேர்ந்த அன்னைக்கு எனக்கு லாகின் வரல. பேஷன்டெல்லாம் காத்துக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் வந்து அவர் பேர்ல திறந்து குடுத்துட்டுப் போனாரு. என் லாகினுக்கு எழுதிக் குடுத்த காகிதம் இன்னும் மேல ஆபீஸ்லதான் இருக்கு."

"அதுக்கப்புறம் எப்போ மூடினே?"

"மூடவா? மூடினா திரும்பத் திறக்க பாஸ்வேர்ட் வேணுமேக்கா. அப்படியே விட்டுட்டேன். பேஷன்ட் இருக்கிற இடமாச்சே, இங்க கரண்ட்டும் போகாது."

நர்ஸ் சேர்ந்த தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொன்பது நாள். அந்த மனிதர் இறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே திறந்தது.

பட்டியலில் நான்காவதாக அவர் பெயர் இருந்தது. நர்ஸ் அதைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் பேர் வந்தா நான் பார்க்கவே மாட்டேன்க்கா. ஜன்னலோரத்துல நாலாவது நாற்காலி அவரோடது. பேரை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ரெக்கார்ட்ஸ்ல எடுப்பாங்கன்னு விரலால தாண்டிப் போயிடுவேன்."

அவளுக்கு இனி நிரலைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அதில் ஒவ்வொரு வரியும் தெரியும்.

மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே இருப்பது செஷன். ஒரு நோயாளியின் வரியை ஒருமுறை கேட்டால் செஷன் அதைப் பிரதி எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் தரவுத்தளம் வரை போகாது. கையில் இருக்கும் பிரதியையே நீட்டும். அந்தப் பிரதியில் ஓர் எழுத்து மாறினாலும் போதும், முழு வரியையும் கொண்டுபோய்த் தரவுத்தளத்தில் எழுதிவிடும். அதனால் செஷன் ஒரு வேலைக்கு மட்டுமே உயிரோடு இருக்க வேண்டும். வேலை தொடங்கும்போது திறக்க வேண்டும். சேமித்ததும் மூட வேண்டும். அவளோ பதினோரு வருடத்துக்கு முன், அவசரத்தில், லாகின் செய்யும்போது திறந்து வெளியேறும்போது மூடும்படி எழுதிவிட்டாள். வெளியேறவே வெளியேறாத கணினியில் செஷனுக்கும் முடிவே இல்லை. லாகினை முடக்கினாலும் புதிதாகத் திறப்பதைத்தான் தடுக்க முடியும். ஏற்கெனவே திறந்திருப்பது திறந்தே இருக்கும்.

டயாலிசிஸ் மேசையின் செஷனுக்கு அந்த மனிதர் இறந்தது தெரியாது. அதன் கையில் இருந்தது உயிரோடிருந்த நாளில் எடுத்த பிரதி. திங்கட்கிழமை தோறும் நர்ஸ் பட்டியலைத் திறந்ததும், நிரல் எல்லாருக்கும் அடுத்த வருகையைக் கணக்கிட்டு எழுதும். அவருக்கும் எழுதும். தேதியோடு சேர்ந்து பழைய வரி முழுவதும் மேலே போகும். ரிஜிஸ்டர் அண்ணன் எழுதிய 'இறந்தவர்' அழிந்துபோகும். ஃபோனுக்குச் செய்தி கிளம்பும். பழைய பிரதி வந்து புதியதை அழிப்பதைத் தடுக்க, மாற்றும்போதெல்லாம் ஒன்று கூடும் பதிப்பு எண் ஒன்றை வரிக்கு வைத்திருந்தால் போதும். அதையும் வைக்கவில்லை. எந்தக் கணினியிலிருந்து மாற்றம் வந்தது என்றும் குறிக்கவில்லை. பெயரை மட்டும் குறித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடமே இந்தத் தப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் நூற்று இருபது திரைகளையும் பிரித்துப் போட வேண்டும். ஓடுகிற வண்டிதானே என்று விட்டாள். வார்டுகளில் பழைய படுக்கை எண் தெரிகிறது, பழைய மருந்து தெரிகிறது என்று கூப்பிடும்போதெல்லாம் மூடித் திறக்கச் சொன்னாள். எட்டு வருடம் அப்படிச் சொல்லியே ஓட்டிவிட்டாள்.

நர்ஸிடம், "எந்திரிம்மா" என்று சொல்லிவிட்டு மென்பொருளை மூடினாள். பதினோரு மணிக்குக் கண்காணிப்பாளரிடம் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி, சரிபண்ணிடுங்க. இதை வெளியே பெருசு பண்ண வேண்டாம்."

"அண்ணனுக்குத் தெரியணும் சார்."

"அவர்தான் போயிட்டாரே."

"அதனாலதான் சார்."

தப்பு யாருடையது, எப்போது எழுதியது, ரிஜிஸ்டர் அண்ணனுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து, தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். இறந்தவரின் வீட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போயிற்று. பதில் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே கணவரோடு ரிஜிஸ்டர் அண்ணனின் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டாவது மாடி. கதவு நிலையில், கண் மட்டத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது: கேஸ், குழாய், விசிறி, சாவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சில் கோடுகள். அவர் மனைவி அவர்களைப் பார்த்ததும் தாளை மறைப்பதுபோல் நின்றார். பிறகு நகர்ந்துகொண்டார்.

"மூணு தடவை பார்க்கிறாரும்மா, கேஸை. ராத்திரி என்னை எழுப்பி, நான் அணைச்சேன்ல, நீ பார்த்தேல்லன்னு கேட்கிறாரு. நேத்து டாக்டர்கிட்ட தேதி வாங்கியிருக்காரு, மறதிக்கு."

அண்ணன் உள்ளிருந்து வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். காகிதத்தில் படம் போட்டும் காட்டினாள். அவர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். கடைசியில், "அப்போ நான் போட்டது போட்டதுதானே?" என்றார்.

"ஆமாண்ணே. நாலு தடவையும் சரியாத்தான் போட்டீங்க."

அவர் மனைவி சமையலறைப் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்: "கூட்டத்துல லாக்ல தப்பு வராதுன்னு சொன்னியே, அப்போ உனக்குத் தெரியுமா?"

கணவர் அவளைப் பார்த்தார். அவள், "சந்தேகம் இருந்துச்சு அண்ணே" என்றாள்.

டீ வந்தது. யாரும் ஊதிக்கூடக் குடிக்கவில்லை. ஆறிப்போன பிறகு அண்ணன் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க" என்றார்.

மருத்துவமனை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து அவரை வேலைக்குக் கூப்பிட்டது. பத்து நாளில் வந்தார். டாக்டர் மறதி எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தாராம். வேலையில் குறைவில்லை. ஆனால் துண்டுச் சீட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. அவளை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மற்றவர்கள் கவனித்தார்களா தெரியாது.

நூற்று இருபது திரைகளைப் பிரித்து எழுத அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. இப்போது ஒவ்வொரு வேலையும் தனக்கென்று ஒரு செஷனைத் திறக்கிறது, சேமித்ததும் மூடுகிறது. வரிக்கு ஒரு பதிப்பு எண். பழைய பிரதியோடு யாராவது சேமிக்கப் போனால், 'இந்தப் பதிவை வேறொருவர் மாற்றியிருக்கிறார், மீண்டும் திறக்கவும்' என்று திரை மறுத்துவிடுகிறது.

வேலை முடிந்த பிறகு அவள் யாரும் சொல்லாமலே இன்னொன்றையும் செய்தாள். பதினோரு வருட மாற்றப் பதிவை எடுத்து, புதியது எழுதிய சில நாட்களில் பழையது திரும்பி வந்த இடங்களைத் தேடினாள். இறந்து எழுந்தவர்கள் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். ஃபோன் எண் மாறியிருந்ததாலோ என்னவோ அந்த வீடுகளிலிருந்து புகார் வரவில்லை. முகவரி பழையதானது நூற்றுக்கணக்கில். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

ஒவ்வாமைக் குறிப்பு அழிந்துபோனவர்கள் பதினாறு பேர். 'இந்த மருந்து இவருக்கு ஆகாது' என்று ஒரு டாக்டர் எழுதியதை, வேறெங்கோ திறந்து கிடந்த பழைய பிரதி ஒன்று வந்து அழித்திருந்தது. பதினைந்து பேரின் கோப்புகளை மூத்த மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தாள். யாருக்கும் அந்த மருந்து கொடுக்கப்படவில்லை.

பதினாறாவது ஒரு பெண். வயது முப்பத்து நான்கு. ஆறு வருடத்துக்கு முன் வந்தவர். அவருக்கு ஆகாத மருந்தைக் குறிப்பு அழிந்த மூன்றாம் நாள் எழுதியிருந்தார்கள். அன்று மாலை நாலரைக்கு நர்ஸின் குறிப்பு: 'தோலில் தடிப்பு, மூச்சுத் திணறல். டாக்டருக்குச் சொல்லப்பட்டது.' ஐந்து மணிக்கு: 'உறவினர்கள் வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள்.' அத்தோடு கோப்பு முடிந்திருந்தது.

மூத்த மருத்துவர் இரண்டு முறை படித்தார். "பெரும்பாலும் சரியாகியிருக்கும்" என்றார். "பெரும்பாலும்."

கோப்பில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை. முகவரிக்குப் போனாள்; அங்கே வேறு குடும்பம் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகள் ஏழுக்குக் கடிதம் எழுதினாள். ஐந்து பதில் எழுதின, அப்படி யாரும் வரவில்லை என்று.

"இன்னும் ரெண்டு இருக்கே" என்றார் கணவர், வீட்டில்.

"ம்" என்றாள்.

அந்தப் பெண்ணின் பதிவில் இன்றும் 'நடப்பு' என்றுதான் இருக்கிறது. ஒவ்வாமைக் குறிப்பை அவள் திரும்ப ஏற்றிவிட்டாள். நிலையை மாற்ற ஆதாரம் எதுவும் இல்லை. வேலை நடுவில் எப்போதாவது அந்த எண்ணைத் தட்டுவாள். பதிவு திறக்கும். ஐந்து மணிக் குறிப்பு வரை படிப்பாள். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் திரை.